காதின் மேல் அமரும் ஹெட்போன் உங்களுக்குப் பொருந்துமா? புதிதாக வாங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

ஹெட்போன் வாங்கலாம் என்று இருக்கிறேன், எதை வாங்கட்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் பலர் கூடவே இதையும் கேட்கிறார்கள்: "ஆன்-இயர் எல்லாம் இப்போது யாரும் வாங்குவதில்லையாமே?" நியாயமான சந்தேகம்தான். பேருந்திலோ ரயிலிலோ சுற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகைதான் தெரிகிறது. ஒன்று, காதுக்குள் செருகிய வயர் இல்லாத குட்டி இயர்பட். இன்னொன்று, காதையே முழுதாக மூடிக்கொள்ளும் பெரிய ஹெட்போன். இரண்டுக்கும் நடுவில், காதின் மேல் அமரும் ஆன்-இயர் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

ஆனால் ஹெட்போன் என்றாலே ஆன்-இயர்தான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. அது எப்படி வந்தது, ஏன் போனது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு அது ஒத்துவருமா என்பது பாதி விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு உங்கள் காதையும் உங்கள் நாளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எது ஆன்-இயர் என்று கண்டுகொள்ளுங்கள்

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குஷன் எங்கே போய் உட்காருகிறது என்று மட்டும் பாருங்கள்.

காது மடலைச் சுற்றி, தலையின் தோல் மீது குஷன் பதிந்தால் அது ஓவர்-இயர். மடல் உள்ளே சுதந்திரமாக இருக்கும். மடலின் மேலேயே குஷன் பதிந்தால் அது ஆன்-இயர். சிலிக்கான் முனை காதுத் துளைக்குள் போய் அடைத்துக்கொண்டால் இன்-இயர். துளைக்குள் போகாமல் வாசலில் உள்ள குழியில் தொற்றி நின்றால் அது பழைய பாணி இயர்பட். இவை தவிர, காதைத் தொடாமல் கன்ன எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் எலும்புவழி ஹெட்போனும் உண்டு. ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் அதை விரும்புகிறார்கள்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். ஓவர்-இயர் என்று பெட்டியில் போட்டிருக்கும், உள்ளே இருக்கும் குழியோ சிறியதாக இருக்கும். பெரியவர்களின் காது மடல் பொதுவாக 6 செ.மீ. உயரத்தை ஒட்டி இருக்கும். குழியின் உயரம் அதைவிடக் குறைவென்றால் குஷன் மடலின் ஓரத்தைத்தான் கடிக்கும். பெயர் ஓவர்-இயர், அனுபவம் ஆன்-இயர். வாங்கும் முன் குழியின் உள்ளளவைப் பார்த்துவிடுங்கள். குஷனின் வெளியளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஆன்-இயரின் ஏற்றமும் இறக்கமும்

ஹெட்போன் பிறந்ததே ஆன்-இயராகத்தான். 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் கையால் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பிய கருவி, தொலைபேசிக் காதுக்குமிழ் இரண்டை ஒரு கம்பியில் கோத்தது போல இருந்தது. காதின் மேல் வைத்து அழுத்திக் கேட்க வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து, 1958-இல், ஜான் கோஸ் இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற மாடலை வெளியிட்டது. அதன் பின்புறம் மூடப்படாமல் காற்று புழங்கும்படி திறந்திருந்தது. காதின் மேல் மஞ்சள் நிற நுரைப்பஞ்சு உட்கார்ந்தது. அது ஒரு கோடிக்கும் மேல் விற்றது. கனத்த, இறுக்கமான பெட்டிகளைத் தலையில் சுமந்தவர்களுக்கு அந்த லேசான நுரை எப்படிப்பட்ட ஆறுதலாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்த பெரிய திருப்பம் 1979-இல் வந்த சோனி வாக்மேன். இசையைத் தெருவுக்குக் கொண்டுபோன பெருமையை எல்லோரும் அந்தக் கேசட் பெட்டிக்குத் தருகிறார்கள். என்னைக் கேட்டால் அதில் சரிபாதி அதனுடன் வந்த ஹெட்போனுக்குச் சேர வேண்டும். அதுவரை ஹெட்போன் என்றால் பெரும்பாலும் 300, 400 கிராம் எடை. வாக்மேனோடு வந்தது சுமார் 50 கிராம்தான்: மெல்லிய உலோகப் பட்டை, இரண்டு சிறு நுரை வட்டங்கள். பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார்தான் தெருவில் நடப்பார்கள்? 1980-கள் முழுவதும் உலகம் அந்த நுரை வட்டங்களோடுதான் நடந்தது. 1984-இல் வந்த கோஸ் போர்ட்டா ப்ரோ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இன்றும் ஏறக்குறைய அதே வடிவத்தில் விற்பனையில் இருக்கிறது.

பிறகு ஆன்-இயரின் இடம் இரண்டு பக்கத்திலிருந்தும் அரிக்கப்பட்டது. 2001-இல் ஆப்பிளின் குட்டி இசைக் கருவியான ஐபாட் (iPod) வெள்ளை இயர்பட்டோடு வந்தது. சட்டைப்பையில் சுருட்டி வைக்கக்கூடிய ஒன்று கருவியோடு இலவசமாகவே கிடைக்கும்போது, தலையில் பட்டை எதற்கு என்று பலருக்கும் தோன்றியது. 2008-க்குப் பிறகு பீட்ஸ் ஹெட்போன்கள் பெரிதாகவும் வண்ணமாகவும் வந்து, ஹெட்போனை உடையின் ஒரு பகுதியாக மாற்றின. அவற்றின் சோலோ வரிசை ஆன்-இயரைக் கொஞ்ச காலம் மீண்டும் நாகரிகமாக்கியது. 2014-இல் ஆப்பிள் பீட்ஸை 300 கோடி டாலருக்கு வாங்கியது. 2016-இல் அதே ஆப்பிள், ஐபோன் 7-இல் ஹெட்போன் வயரைச் செருகும் 3.5 மி.மீ. துளையை எடுத்துவிட்டு, அந்த ஆண்டு இறுதியில் ஏர்பாட்ஸைக் கொண்டுவந்தது. வயரே இல்லாமல் காதுக்குள் செருகுவது அன்றாடப் பழக்கமாயிற்று.

மறுபக்கத்திலிருந்து வந்தது இரைச்சல் நீக்கம். சுற்றுப்புறச் சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கி அழிக்கும் நுட்பம் இது. இது நன்றாக வேலை செய்ய வேண்டுமானால், முதலில் காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைபட வேண்டும். காதைச் சுற்றி மூடும் ஓவர்-இயருக்கு அது கைவரும். துளையை அடைக்கும் இன்-இயருக்கும் கைவரும். மேடும் பள்ளமுமாக இருக்கும் மடலின் மேல் உட்காரும் ஆன்-இயருக்கு அது கடினம். முயற்சி நடக்காமல் இல்லை: 2006-இல் போஸ் நிறுவனம் குயட்கம்ஃபர்ட் 3 என்ற ஆன்-இயரையும், 2019-இல் பீட்ஸ் சோலோ ப்ரோவையும் இரைச்சல் நீக்கத்துடன் கொண்டுவந்தன. ஆனால் 2024-இல் வந்த சோலோ 4-இல் இரைச்சல் நீக்கமே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சார்ஜில் 50 மணி நேரம் வரை ஓடும் என்பதை முன்னிறுத்தினார்கள். ஆன்-இயரின் பலம் எங்கே இருக்கிறது என்று செய்பவர்களே சொன்ன மாதிரி ஆயிற்று.

ஆக, ஆன்-இயர் கெட்ட பொருளாக இருந்ததால் ஒதுங்கவில்லை. கையடக்கத்தில் இயர்பட் அதை மிஞ்சியது, அமைதியில் ஓவர்-இயர் மிஞ்சியது. இரண்டும் ஓரளவு வேண்டும் என்பவருக்கு அது இன்றும் ஏற்ற பொருள்தான். உங்களுக்கு அப்படி வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் படி: உங்கள் நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, ஒரு சாதாரண நாளில் எப்போதெல்லாம் காதில் மாட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். எந்த இடம், தொடர்ந்து எத்தனை நிமிடம், சுற்றிலும் எவ்வளவு சத்தம், யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமா. இந்த நான்கு போதும். இசைத் தரம் பற்றிய கேள்வியை நான் வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. நல்ல தயாரிப்பு எல்லா வகையிலும் இருக்கிறது. மோசமானதும் எல்லா வகையிலும் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி நேரம்தான் கேட்கிறீர்கள், சுற்றிலும் பெரிய சத்தமில்லை, அழைப்பு மணியோ குழந்தையின் குரலோ காதில் விழ வேண்டும் என்றால், ஆன்-இயர் உங்களுக்கு அருமையாகப் பொருந்தும். தொலைபேசியில் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலையில் இருப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் ஆன்-இயர் வகையைத்தான் அணிகிறார்கள். எடை குறைவு, காது வியர்ப்பதும் குறைவு, பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்கும், ஒரு காதை விலக்கிவிட்டுச் சட்டென்று பேசலாம்.

ரயிலிலும் விமானத்திலும் மணிக்கணக்கில் பயணம் என்றால் ஆன்-இயர் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வெளிச் சத்தம் உள்ளே வரும், அதை அமுக்க நீங்கள் ஒலியைக் கூட்டுவீர்கள், நாளடைவில் விலை கொடுப்பது உங்கள் செவிப்புலன். அங்கே இரைச்சல் நீக்கம் உள்ள ஓவர்-இயரோ, நன்றாக அடைக்கும் இன்-இயரோதான் சரி.

உடற்பயிற்சிக்கு? நடைக்கு ஆன்-இயர் போதும். ஓட்டம், குதித்தல், படுத்துக்கொண்டு செய்யும் பயிற்சிகளுக்கு இயர்பட்தான். தூங்கும்போது கேட்பவருக்கும் ஆன்-இயர் உதவாது. தலையைத் திருப்பினாலே நகர்ந்துவிடும்.

இன்-இயரைக் காதில் வைத்தாலே அரிப்பு, அடைத்த உணர்வு, தன் குரலே தலைக்குள் முழங்குவது போன்ற தொல்லை என்பவர்கள் நிறைய உண்டு. துளையை அடைத்தால் நம் எலும்பு வழி வரும் குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே பெருகுவதால் அந்த முழக்கம் வருகிறது. காது மெழுகு அதிகம் சேர்பவர்களுக்கு இன்-இயர் அதை மேலும் உள்ளே தள்ளும் அபாயமும் இருக்கிறது. இவர்களுக்கு ஆன்-இயர் நல்ல மாற்று.

மூன்றாம் படி: மாட்டிப் பார்த்து வாங்குங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்ற வகைகளை விமர்சனம் படித்து வாங்கினால்கூட ஓரளவு தப்பிக்கலாம். ஆன்-இயரை அப்படி வாங்கக் கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். பேஸ் என்று நாம் சொல்கிற கீழ்ச்சுரம், காதுக்கும் டிரைவருக்கும் (ஹெட்போனுக்குள் ஒலி எழுப்பும் சிறு ஒலிபெருக்கி) நடுவே அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தத்தால் உருவாகிறது. குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் சிறு இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் கசிந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் காணாமல் போய்ச் சலங்கைச் சத்தம் மட்டும் மிஞ்சும். ஓவர்-இயரின் குஷன் ஏறக்குறைய சமதளமான தோல் மீது படிவதால் லேசாக அழுத்தினாலே அடைபட்டுவிடும். ஆன்-இயரோ மடலின் மடிப்புகளின் மேல் படிய வேண்டும். ஆகவே அழுத்த வேண்டியிருக்கிறது. காது மடல் என்பது குருத்தெலும்பு. அதன் மேல் மெத்தை போலச் சதையோ கொழுப்போ இல்லை, மெல்லிய தோல் மட்டும்தான். உங்கள் காதின் மேல் விளிம்பை விரலால் இரண்டு நிமிடம் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள், புரிந்துவிடும்.

அழுத்தினால் பேஸ், அழுத்தினால் வலி. ஆன்-இயரின் குணம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது. உங்கள் காதின் வடிவத்துக்கு எந்த அளவு அழுத்தம் போதும் என்று எந்த விமர்சகராலும் சொல்ல முடியாது.

செவித்திறன் சோதிக்கும் கூடங்களிலும் பல பத்தாண்டுகளாக ஆன்-இயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். டி.டி.எச்.-39 என்ற மாடல் அதில் மிகப் பெயர்பெற்றது. அந்தச் சோதனையில் ஹெட்போன் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கே சர்வதேசத் தரம் இருக்கிறது: சுமார் 4.5 நியூட்டன். அழுத்தம் மாறினால் காதில் விழும் ஒலியும் மாறும், அளவீடு தவறும் என்பதால் அப்படி ஒரு விதி. கடையில் நாம் மாட்டும் ஹெட்போனுக்கும் இதே இயல்புதான்.

இனி சோதனைகள். உங்களுக்கு நன்றாகப் பழகிய, பேஸ் இருக்கிற ஒரு பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் பட்டையைக் கூட்டிக் குறைத்து, டிரைவரின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேராக வரும்படி வையுங்கள். ஆன்-இயரில் ஒரு செ.மீ. மேலே கீழே போனாலே குரல் மங்கிவிடும். நிறையப் பேர் இதைச் சரிசெய்யாமலேயே "சவுண்டு சரியில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கைகளாலும் குஷன்களை மெதுவாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று கூடினால் அது உங்கள் காதில் சரியாக அடைபடவில்லை என்று பொருள். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. வேறு ஹெட்போனோ என்று நினைக்கும் அளவுக்கு மாறினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

குனிந்து செருப்பைக் கழற்றுவது போல் பாவனை செய்யுங்கள், பக்கவாட்டில் தலையை ஆட்டுங்கள். நழுவினால் அது நடைக்கு உதவாது.

கழற்றாமல் இருபது நிமிடமாவது மாட்டியிருங்கள். கடையில் அவ்வளவு நேரம் நிற்பது சங்கடமாக இருக்கலாம், நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எந்த ஆன்-இயரும் வலிப்பதில்லை. வலி பெரும்பாலும் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு முடிச்சிலும், மடலின் உள்வளைவு மேட்டிலும்தான் ஆரம்பிக்கும். சூடும் லேசான கூச்சமும் தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் அது வலியாகும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நானும் கண்ணாடி அணிபவன். பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலைக்காக நான் முதன்முதலில் வாங்கியது ஒரு ஆன்-இயர். கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டிப் பார்த்தேன், சுகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியோடு உட்கார்ந்த முதல் நாளே, நாற்பது நிமிடத்தில் காதின் பின்புறம் எரிய ஆரம்பித்தது. குஷன் மடலை அழுத்த, மடல் கண்ணாடிக் காம்பின் மேல் நசுங்குகிறது. வாரம் முழுக்கக் காம்பை மேலே தூக்கிவைத்தும் கீழே இறக்கிவைத்தும் சமாளித்துப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கண்ணாடி இல்லை, அவன் இன்றும் அதை மகிழ்ச்சியாக மாட்டிக்கொண்டு திரிகிறான். எனவே அன்றாடம் அணியும் கண்ணாடியோடு, அன்றாடம் அணியும் காதணியோடு போய்ச் சோதியுங்கள். காதணியின் திருகு பின்னால் தலையில் குத்துகிறதா என்றும் பாருங்கள்.

கண்ணாடி அணிபவர்கள் ஆன்-இயரையே விட்டுவிட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். நுரை வட்டம் வைத்த, பின்புறம் திறந்த, எடை குறைந்த மாடல்கள் இருக்கின்றன. அவை அடைபடுவதை நம்பி வடிவமைக்கப்பட்டவை அல்ல. கசிவு இருக்கும் என்று ஏற்றுக்கொண்டே ஒலியைச் சமன் செய்திருப்பார்கள். அதனால் மெதுவாகத் தொட்டுக்கொண்டு நின்றாலே போதும். போர்ட்டா ப்ரோவில் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டு அருகில் படியும் சிறு மெத்தைகள் உண்டு. ஒரு சிறு நெம்புகோலை நகர்த்தினால் அழுத்தத்தில் கொஞ்சம் காதிலிருந்து அந்த மெத்தைக்கு மாறும். அமெரிக்காவின் க்ராடோ நிறுவனம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் நுரைக் குஷன் ஹெட்போன்களும் காதின் மேல் அமரும் திறந்த வகைதான். வாய்ப்பாட்டும் கம்பிவாத்தியமும் அவற்றில் மிகத் தெளிவாகக் கேட்கும். கண்ணாடியோடு இப்போது நான் அணிவது இப்படி ஒரு நுரை வட்டம்தான்.

திறந்த வகையில் ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். நூலகத்துக்கும் பலர் சேர்ந்து உட்காரும் அலுவலகத்துக்கும் ஆகாது. மூடிய ஆன்-இயரிலும் ஓரளவு கசியும். கூட வந்தவர் தலையில் மாட்டி, நீங்கள் வழக்கமாக வைக்கும் ஒலி அளவில் ஓடவிட்டு, ஒரு கை தூரத்தில் நின்று கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: பெட்டியில் உள்ள எண்கள்

எடையை முதலில் பாருங்கள். ஓவர்-இயர் பொதுவாக 250 முதல் 350 கிராம். ஆப்பிளின் ஓவர்-இயரான ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராம் அளவுக்குப் போகிறது. ஆன்-இயர் 200 கிராமைத் தாண்டினால் அதன் முதல் நன்மையே போய்விடுகிறது என்பது என் கருத்து.

இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போனின் மின்தடை, ஓம் கணக்கில் ஓர் எண்ணாக இருக்கும். போனிலோ மடிக்கணினியிலோ நேரடியாகச் செருகுவதென்றால் 16 முதல் 60 ஓம் வரை சிக்கலில்லை. 250, 300 ஓம் உள்ளவை ஸ்டுடியோ கருவிகளுக்கானவை. போனில் ஒலி போதாது.

டிரைவர் அளவு ஆன்-இயரில் பெரும்பாலும் 30 முதல் 40 மி.மீ. பெரிது என்றால் நல்லது என்று எண்ண வேண்டாம். "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்ற வரியும் அப்படித்தான். எல்லாப் பெட்டியிலும் அதே வரிதான் இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஐந்தாம் படி: வயரா, புளூடூத்தா

வயர் என்றால் சார்ஜ் கவலை இல்லை, ஒலி தாமதம் இல்லை, பேட்டரி இறந்து ஹெட்போனைத் தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. கேபிள் கழற்றி மாட்டும்படி இருந்தால் இன்னும் நல்லது. ஹெட்போன்கள் சாவது பெரும்பாலும் கேபிள் அறுந்துதான். உங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சிறு மாற்றுக் கேபிள் வாங்க வேண்டும்.

புளூடூத் என்றால், இங்கே ஆன்-இயருக்கு ஒரு நல்ல வாய்ப்பு. குட்டி இயர்பட்டில் பேட்டரிக்கு இடமே இல்லை; ஒரு சார்ஜில் சில மணி நேரம்தான் ஓடும், பிறகு டப்பாவுக்குள் போக வேண்டும். ஆன்-இயரின் கிண்ணத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய பேட்டரி அடங்கும். 30 மணி நேரத்துக்கு மேல் ஓடுபவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஒன்று கீழே விழுந்து தொலையும் பயமும் இல்லை. ஒரே நேரத்தில் போனோடும் கணினியோடும் இணையும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வேலைக்குப் பயன்படுத்துபவர்களுக்கு அது பெரிய உதவி.

ஆறாம் படி: முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

புதுப் பட்டை எப்போதுமே கொஞ்சம் விறைப்பாக இருக்கும். முதல் வாரம் அரை மணிக்கு ஒருமுறை கழற்றி, காதைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். இறுக்கம் தாங்கவில்லை என்றால் உங்கள் தலையைவிடச் சற்றே அகலமான ஓர் அட்டைப் பெட்டியிலோ, அடுக்கி வைத்த புத்தகங்களிலோ ஓர் இரவு மாட்டி வையுங்கள். உலோகப் பட்டை இதற்கு நன்றாக வளைந்துகொடுக்கும். முழுக்கப் பிளாஸ்டிக் பட்டை என்றால் உடைந்துவிடக்கூடும், செய்யாதீர்கள். இறுக்கத்தை அளவுக்கு மீறித் தளர்த்தினால் மேலே சொன்ன பேஸ் கசிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓர் இரவு, பிறகு மாட்டிப் பார்த்தல், தேவையென்றால் இன்னோர் இரவு.

ஒலி அளவு பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். டெசிபல் கொஞ்சம் ஏறினாலும் பாதுகாப்பான நேரம் வேகமாகச் சுருங்கும்: 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான், 100 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 20 நிமிடம்தான். செவிக்குள் இருக்கும் மயிர்ச்செல்கள் செத்தால் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை.

ஆன்-இயர் வாங்கியவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அமைதியான அறையில் உட்கார்ந்து, உங்களுக்குப் போதும் என்று தோன்றும் ஒலி அளவை வையுங்கள். போனில் அது எத்தனையாவது கட்டம் என்று பார்த்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது அதைவிட இரண்டு மூன்று கட்டம் கூட்ட வேண்டியிருந்தால், அந்த இடம் ஆன்-இயருக்கான இடம் அல்ல. பாட்டை நிறுத்திவிடுங்கள், அல்லது அந்த இடத்துக்கு வேறு வகையை வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கென்று விற்கும் ஹெட்போன்கள் பெரும்பாலும் ஆன்-இயர்தான். எடை குறைவு, சிறு தலைக்கு அடங்கும், துளைக்குள் எதுவும் போவதில்லை. பலவற்றில் 85 டெசிபல் வரம்பு என்று போட்டிருக்கும். மேலே சொன்ன 75-ஐ விட அது அதிகம் என்பதைக் கவனியுங்கள். வரம்பு இருக்கிறது என்று விட்டுவிடாமல், நீங்கள் ஒருமுறை மாட்டிப் பார்த்து, அருகில் இருப்பவர் சாதாரணமாகப் பேசினால் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஏழாம் படி: குஷனைக் கவனியுங்கள்

ஆன்-இயரில் முதலில் தேய்வது குஷன். தோலும் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் நேராகப் படுவதால் செயற்கைத் தோல் ஓரிரு ஆண்டுகளில் உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகக் காதில் ஒட்ட ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை லேசாக ஈரமான துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், சீக்கிரம் வெடிக்கும். நுரை வட்டங்களைக் கழற்றி, மிதமான சோப்பு நீரில் அலசி, பிழியாமல் அமுக்கி நீரை எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டலாம்.

குஷனின் தடிமன் குறைந்துவிட்டால் டிரைவர் காதை நெருங்கிவிடும். ஒலி மாறும், உள்ளே இருக்கும் கடினமான வளையம் மடலில் குத்தும். பழைய ஹெட்போன் இப்போதெல்லாம் வலிக்கிறது என்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் இதுதான். ஆகவே வாங்கும் நாளிலேயே மாற்றுக் குஷன் கிடைக்குமா, அதைக் கையால் கழற்றி மாட்ட முடியுமா என்று கேட்டு வையுங்கள். புதுக் குஷன் போட்ட அன்று, முதல் படியில் சொன்னது போலக் குஷன் எங்கே உட்காருகிறது என்று பார்த்து, பட்டையின் நீளத்தைத் திரும்பவும் சரிசெய்துகொள்ளுங்கள்.